மல்லிக்கு ஒரு லேசான விமானம்: மிச்சமாகும் எடையை எங்கே செலவு செய்வது?

வலையங்குளம் பக்கம் மல்லி போடும் குடும்பத்துத் தம்பி ஒருவர் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். அவர் கேட்டது இது: "கார்பன் பைபரில் லேசான சின்னச் சரக்கு விமானம் செய்தால், மதுரையிலிருந்து பூவையும் காய்கறியையும் லாரியைவிடக் குறைந்த புகையில் அனுப்ப முடியுமா? எல்லாரும் கரண்டு விமானம் என்கிறார்களே, அது இங்கே ஓடுமா? இதில் ஏதாவது ஒரு வேலையை நம் ஊரிலேயே செய்ய முடியுமா?"

தம்பி, மூன்றுக்கும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாரி போகிற பாதையில் லாரியைவிடக் குறைந்த புகையில் எந்தச் சரக்கு விமானமும் இன்றைக்குப் பறக்காது, உடம்பு முழுக்கக் கார்பனாக இருந்தாலும் சரி. கரண்டு விமானம் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஓடும். அதற்குத்தான் லேசான உடம்பு உயிர்நாடி. நம் ஊரில் செய்யக்கூடிய வேலை நிச்சயமாக இருக்கிறது, ஆனால் அது விமானத்தில் தொடங்காது, பெட்டியில் தொடங்கும்.

நான் பெங்களூரில் விமானங்களுக்குக் காம்போசிட் பாகம், அதாவது இழையை ரெசின் என்னும் பசையில் ஊறவைத்து இறுக்கிய பாகம், செய்யும் ஒரு கூடத்தில் 22 வருடம் இருந்துவிட்டுத் திருநகருக்குத் திரும்பியவன். இந்தப் பொருளை எனக்கு மிகவும் பிடிக்கும். பிடித்த பொருள் என்பதாலேயே அதைப் பற்றிப் பெருக்கிச் சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். மண்டபம், ராமேஸ்வரம் கரையில் நிற்கும் பைபர் போட்டைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி இழை மேட்டை மோல்டில் விரித்து, ரெசினில் ஹார்ட்னர் கலந்து, பிரஷ்ஷால் பூசி, ரோலரால் காற்றை உருட்டித் தள்ளுவார்கள். விமானத்துக் கார்பனும் இதே குடும்பம்தான். வித்தியாசம் எங்கே என்றால் போட்டில் கனஅளவில் மூன்றில் ஒரு பங்குகூட இழை இருக்காது, மீதி எல்லாம் ரெசின். பலம் இழையில் இருக்கிறது. ரெசின் அந்த இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, அவ்வளவுதான். விமானப் பாகத்தில் இழை 55 முதல் 60 சதவீதம் வரை இருக்க வேண்டும். ரெசின் கூடினால் வெறும் எடை கூடுகிறது, குறைந்தால் இழைகளுக்கு நடுவே வெற்றிடம் விழுகிறது.

இழைக்குத் திசை உண்டு. ஒரு வேட்டியை எடுத்து நூல் போக்கில் இழுத்துப் பாருங்கள், அசையாது. மூலைக்கு மூலை பிடித்து இழுங்கள், நீளும். தையல்காரர் ‘கிராஸ்’ என்று சொல்வது இதைத்தான். அலுமினியத் தகட்டுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். கார்பனில் எந்தப் பக்கம் பாரம் வருகிறதோ அந்தப் பக்கம் இழையை ஓட விடலாம். இறக்கையின் நீளத்துக்குச் சில அடுக்கு, முறுக்கு தாங்க 45 டிகிரியில் சில அடுக்கு, குறுக்கே கொஞ்சம். அடர்த்தியைப் பார்த்தால் அலுமினியம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராமுக்கு மேல், கார்பன் காம்போசிட் 1.6 கிராம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள்தான் ‘எடை பாதியாகிவிடும்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அது நடப்பதில்லை. ஏன் நடப்பதில்லை என்பதில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது.

ரெசின் ஏற்கெனவே ஊறிய கார்பன் துணி, ப்ரீபிரெக் என்று பெயர், மைனஸ் 18 டிகிரியில் ஃப்ரீசரில் இருக்கும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடிய உறைக்குள்ளேயே கிடக்க வேண்டும். ஐஸ் பாட்டிலை வெளியே வைத்தால் வியர்க்கிற மாதிரி துணியின்மேல் ஈரம் படிந்துவிடும் என்பதுதான் காரணம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு மழை நாளில், அவசரத்தில் அரை மணி நேரம் முன்னதாக உறையைப் பிரித்தவன் நான். மூன்று நாள் அடுக்கி, வேக வைத்து எடுத்தோம். கதவுப் பலகை கண்ணுக்குப் பளபளவென்று இருந்தது. ஒலி அலையை அனுப்பி உள்ளே பார்க்கும் அல்ட்ராசோனிக் பரிசோதனையில் திரையெல்லாம் புள்ளி புள்ளியாக வந்தது. ஈரம் ஆவியாகி உள்ளே குமிழ்களாக நின்றிருந்தது. அந்தப் பலகையை ரம்பத்தால் இரண்டாக அறுத்துத்தான் குப்பைக்கு அனுப்ப வேண்டும், யாரும் தெரியாமல் எடுத்துப் பூட்டிவிடக் கூடாது என்பதற்காக. அறுத்ததும் நானேதான். உலோகத்தை ஆலையிலிருந்து செய்து கொடுத்துவிடுகிறார்கள், நாம் வெட்டி வளைக்கிறோம். கார்பனில் பொருளும் பாகமும் ஒரே நேரத்தில் நம் கையில் பிறக்கின்றன. அதனால் தவறும் நம் கையில்தான் பிறக்கிறது.

அடுக்கி முடித்ததும் மேலே ஒரு மெல்லிய நைலான் துணி போடுவோம். அதற்கு மேல் காற்றுப் போகும் பஞ்சு, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை. சுற்றிலும் பசை நாடா ஒட்டிப் பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சுவோம். வெந்து முடிந்ததும் அந்த நைலான் துணியை உரித்தால், இட்லித் துணியை உரித்ததும் இட்லி முதுகில் தெரிகிற அதே நெசவுத் தடம் தெரியும். வேக வைப்பது ஆட்டோகிளேவ் என்னும் பெரிய அழுத்தக் கலனில், 180 டிகிரி வெப்பம், காற்றழுத்தத்தைப்போல ஆறேழு மடங்கு அழுத்தம். விமான உடம்பு அளவுக்கு ஆட்டோகிளேவ் வாங்குவதென்றால் கோடிக்கணக்கில் ஆகும்.

இந்த இடத்தில் ஒரு விமானத்தைப் பற்றி நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க விமானப்படைக்காக லாக்ஹீட் மார்ட்டின் செய்த எக்ஸ்-55. ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த டார்னியர் 328 ஜெட் ஒன்றை எடுத்து, காக்பிட்டுக்குப் பின்னால் உள்ள உடம்பையும் வாலையும் கழற்றிவிட்டு, சரக்கு ஏற்றத் தோதாக அகலமான காம்போசிட் உடம்பைப் பொருத்தினார்கள். 2009 ஜூன் 2 அன்று கலிபோர்னியாவின் பாம்டேலில் பறந்தது. அந்த உடம்பை ஆட்டோகிளேவ் இல்லாமல், வெறும் வெற்றிட உறையும் அடுப்பும் வைத்தே வேக வைத்தார்கள். உலோகத்தில் செய்தால் சுமார் 3,000 பாகங்கள் தேவைப்பட்ட இடத்தில் 300 பாகங்கள் போதுமாக இருந்தன. 40,000 ஆணிகள் அடித்த இடத்தில் 4,000. அது உற்பத்திக்குப் போகவில்லை, ஒரே ஒரு விமானத்தோடு நின்றுவிட்டது. இருந்தாலும் எனக்கு அதில் பெரிய பாடம் எடையைவிட இந்த எண்ணிக்கைதான். ஒவ்வொரு ஆணித் துளையும் விரிசல் தொடங்கக்கூடிய இடம், ஒருவர் குனிந்து பார்த்துப் பரிசோதிக்க வேண்டிய இடம். கொஞ்சம் விமானங்களே செய்கிற சிறு தொழிலுக்குப் பாகம் குறைவதுதான் பெரிய வரம்.

சரி, எடை ஏன் பாதியாவதில்லை?

முதல் காரணம் அடி. அலுமினியத்தில் ஸ்பேனர் விழுந்தால் பள்ளம் விழும், கண்ணில் படும். கார்பனில் விழுந்தால் மேல்தோல் நிமிர்ந்துகொள்ளும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. மானாமதுரையில் கடம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? சூளையிலிருந்து எடுத்ததும் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிக் காதைக் கொடுப்பார்கள். நல்லது கணீர் என்கும், மயிரிழை கீறல் இருந்தால் பொத்தென்று அடங்கும். நாங்களும் அதையேதான் செய்தோம். சின்னச் சுத்தியலோ நாணயமோ வைத்து இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு, பலகை முழுக்க. ஒலி மாறுகிற இடத்தில் பென்சிலால் வட்டம். அந்த வட்டத்துக்குள்தான் அல்ட்ராசோனிக் கருவியைக் கொண்டு போவோம். ஆக, கண்ணுக்குத் தெரியாத அடி பட்டிருந்தாலும் பாகம் முழுப் பாரத்தைத் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் தடிமனை வைக்கிறோம். அந்தத் தடிமன் எடை.

சரக்கு விமானத்தில் இது இன்னும் மோசம். பயணிகள் விமானத்தில் ஆள் நடக்கிறார். இங்கே தள்ளுவண்டியின் இரும்பு மூலை கதவு நிலைப்படியில் தினமும் இடிக்கும், பெட்டியைத் தரையில் இழுப்பார்கள். தரைக்கும் கதவு நிலைக்கும் உலோகத்தையே வையுங்கள் என்பது என் கருத்து. எல்லாவற்றையும் கார்பனில் செய்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம்.

இரண்டாவது காரணம் வெயில். மதுரையில் மே மாதம் 40 டிகிரி. ஓடுதளத்துப் பக்கம் நிறுத்திய விமானத்தின் கறுப்புப் பரப்பு 80 டிகிரியைத் தாண்டும். ரெசின் ஈரத்தைக் குடித்திருந்தால் இளகும் வெப்பநிலை இருபது, முப்பது டிகிரி இறங்கிவிடும். சாதாரண வெப்பத்தில் இறுகும் ரெசினில் செய்த பல கிளைடர்களுக்கு 54 டிகிரிதான் உச்ச வரம்பு. கிளைடர்கள் எல்லாம் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் அழகு என்று நினைத்துவிடாதீர்கள். 180 டிகிரியில் வெந்த ரெசினுக்கு இந்தப் பயம் குறைவு. குறைந்த வெப்பத்தில் வெந்ததை இன்னொரு முறை அடுப்பில் ஏற்றி எடுத்தால்தான் நம் ஊர் வெயிலுக்கு ஆகும். எதுவானாலும் பலத்தைக் கணக்கிடும்போது சூடும் ஈரமும் சேர்ந்த மோசமான நிலையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். அங்கேயும் கொஞ்சம் தடிமன் ஏறும்.

மின்னலுக்காகத் தோலில் செம்பு வலை பதிக்க வேண்டும். கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால், அதுவும் தூத்துக்குடி உப்புக் காற்றில், அலுமினியம் அரித்துப்போகும். ஆகவே டைட்டானியம் போல்ட், நடுவே கண்ணாடி இழை அடுக்கு. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஏட்டில் 40 சதவீதம் என்று இருந்த மிச்சம் கையில் 15, 20 சதவீதமாக வந்து நிற்கும். பீச்கிராஃப்ட் நிறுவனம் 1980களில் ஸ்டார்ஷிப் என்று முழுக் காம்போசிட் விமானம் செய்தது. பரிசோதனை விதிகளுக்குப் பணிந்து பணிந்து, நினைத்த எடையைத் தாண்டிப் பருத்துவிட்டது. 53 விமானங்களோடு நிறுத்தினார்கள். விதிகள் கொடுமையானவை என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத அடியைப் பற்றிய பயம் நியாயமான பயம்.

அதற்காக மனம் தளரவும் வேண்டாம். ஏடிஆர் 72 பயணிகள் விமானத்தின் இறக்கையின் வெளிப்பகுதி 1989லிருந்தே கார்பன். நம் தேஜஸ் போர் விமானம் எடையில் 45 சதவீதம் காம்போசிட். பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் ஹன்ஸா, 1993ல் பறந்த இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம், முழுக்கக் காம்போசிட். போயிங் 787ல் எடையில் பாதி இதுதான். நாட்டில் கை பழகிய ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்குக் கணக்குப் போடுவோம். ஒரு விமானத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: இரட்டை டர்போபிராப் (டர்பைன் சுழற்றும் விசிறி இரண்டு), கிளம்பும்போது மொத்த எடை 8,600 கிலோ, சரக்கு 2,500 கிலோ, 400 கிலோமீட்டருக்கு 450 கிலோ எரிபொருள். செஸ்னா ஸ்கைகூரியர் ஏறக்குறைய இந்த அளவு விமானம், அது உலோகத்தில் செய்தது. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அப்படியானால் ஒரு பயணத்துக்கு 1,420 கிலோ. ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 1.4 கிலோ.

லாரிக்கு வாருங்கள். பத்து டன் ஏற்றிக்கொண்டு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி. 400 கிலோமீட்டருக்கு 100 லிட்டர் டீசல், 268 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு டன் கிலோமீட்டருக்கு 0.07 கிலோகூட வராது. திரும்பும்போது காலி வண்டி, குளிர்ப்பெட்டி இயந்திரம் எல்லாம் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் விமானம் பத்து மடங்கு.

உடம்பைக் கார்பனில் செய்து 500 கிலோ மிச்சம் பிடிக்கிறோம் என்று வையுங்கள். அதை முழுக்கச் சரக்குக்குக் கொடுத்தால் 3,000 கிலோ ஏறும், 1.4 என்பது 1.2 ஆகும். ஆறில் ஒரு பங்கு குறைவது சின்ன விஷயம் இல்லை, எந்த விமான நிறுவனமும் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்ளும். ஆனால் லாரியைத் தொடுகிற தூரத்தில்கூட இல்லை.

பூவுக்கு இந்தக் கணக்கும் பொருந்தாது. உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்: மல்லி இடத்தை அடைக்கும், எடை நிற்காது. விமானச் சரக்கில் 6,000 கன சென்டிமீட்டரை ஒரு கிலோ என்று கணக்கிட்டுக் கட்டணம் வாங்குகிறார்கள், அதாவது ஒரு கனமீட்டருக்கு 167 கிலோ. ஐஸும் தெர்மாகோலும் சேர்ந்த பூப்பெட்டி கனமீட்டருக்கு 120 கிலோதான் வருகிறது என்று வைத்துக்கொண்டால், நம் கற்பனை விமானத்தின் 14 கனமீட்டர் சரக்கு அறை 1,700 கிலோவிலேயே முட்டிவிடும். எடை தாங்கும் சக்தி இன்னும் 800 கிலோ பாக்கி இருக்கும், வைக்க இடம் இருக்காது. அங்கே போய் 500 கிலோ மிச்சம் பிடித்துக் கொடுத்தால் அதை நிரப்ப எதுவும் இல்லை. டன் கிலோமீட்டருக்கு 2 கிலோ என்று புகை கூடித்தான் போயிருக்கும்.

ஆகவே நான் மல்லிக்கு விமானம் வரைந்தால் கார்பனை எடைக்காக மட்டும் எடுக்க மாட்டேன், வடிவத்துக்காக எடுப்பேன். அலுமினியத் தகட்டை இரண்டு பக்கமும் வளைந்த பெரிய பாகமாகச் செய்வது செலவு பிடித்த வேலை. கார்பனை மோல்டு எப்படி இருக்கிறதோ அப்படிப் படியவிடலாம். பத்தாயிரம் அடிக்குள் பறக்கிற விமானத்துக்கு உள்ளே அழுத்தம் ஏற்றத் தேவையில்லை, உருண்டைக் குழாயாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பெட்டி அடுக்கத் தோதாகச் சதுரத்துக்குப் பக்கமான உடம்பு, மூலைகள் மட்டும் வளைந்து, பின்னால் அகலக் கதவு. 14 கனமீட்டரை 20 ஆக்கினால் அதே எரிபொருளில் கூடுதலாக 700 கிலோ பூ போகும். நான் இந்த வேலையில் கற்றுக்கொண்ட ஒரே பெரிய விஷயம் இதுதான் தம்பி: எடையை மிச்சம் பிடிப்பது பாதி வேலை. அந்த மிச்சத்தைச் சரக்குக்குக் கொடுப்பதா, எரிபொருளுக்கா, அகலத்துக்கா, பேட்டரிக்கா என்று முதல் கோடு போடும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். மல்லிக்கு ஒரு பதில், மருந்துக்கு வேறு பதில், நாட்டுத் தக்காளிக்கு விமானமே வேண்டாம்.

இன்னொன்றையும் பாருங்கள். மதுரையிலிருந்து சென்னைக்குப் பயணிகள் விமானம் எப்படியும் போகிறது. வானவழித் தூரம் 417 கிலோமீட்டர். கூடுதலாக ஏற்றும் எடையில் மணிக்குச் சுமார் 3 சதவீதம் எரிபொருளாகப் போகும் என்பது இந்தத் துறையில் பழகிய கணக்கு. ஒரு டன் பூவை அதன் வயிற்றில் வைத்தால் 30, 40 கிலோ எரிபொருள்தான் கூடும். டன் கிலோமீட்டருக்கு 0.3 கிலோவுக்குள் அடங்கிவிடும். தனிச் சரக்கு விமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த வயிற்றில் இடம் இருக்கிறவரை சென்னைக்குத் தனி விமானம் விடுவதை நான் ஆதரிக்க மாட்டேன், கார்பன் விமானம் செய்து வாழ்ந்தவன் என்றாலும்.

கரண்டு விமானத்துக்கு வருவோம். இங்கேதான் லேசான உடம்பின் மதிப்பே மாறுகிறது. ஒரு கிலோ விமான எரிபொருளில் 12,000 வாட்-மணி சக்தி இருக்கிறது. உறையோடு சேர்த்த பேட்டரியில் ஒரு கிலோவுக்கு 200 வந்தால் நல்லது. மோட்டார், டர்பைனைவிடத் திறமையாக வேலை செய்யும். அதைச் சேர்த்தாலும் பள்ளம் மிகப் பெரியது. எரிபொருள் எரிய எரிய விமானம் லேசாகிக்கொண்டே போகும். பேட்டரி காலியானாலும் அதே எடையோடு இறங்கும்.

அதே 8,600 கிலோ விமானத்தில் கால் பங்கு, 2,150 கிலோ பேட்டரி வைத்தால், பறக்கும் தூரம் 200 கிலோமீட்டர் வரும் என்பது என் கணக்கு. இறங்க முடியாமல் போனால் வேறு நிலையம் தேடவும் வட்டமடிக்கவும் பாதியை ஒதுக்க வேண்டும். மிச்சம் 100. இப்போது உடம்பில் 500 கிலோவைக் குறைத்து அந்த எடைக்கும் பேட்டரி வையுங்கள். மொத்தம் 250ஐத் தொடும். ஒதுக்கீடு அதே நூறுதான். கைக்கு வரும் தூரம் 100லிருந்து 150 ஆகிறது. டர்போபிராப்பில் ஆறில் ஒரு பங்கு லாபம் கொடுத்த அதே 500 கிலோ இங்கே ஒன்றரை மடங்கு கொடுக்கிறது. மதுரையிலிருந்து திருச்சியும் தூத்துக்குடியும் வானவழியில் 125 கிலோமீட்டருக்குப் பக்கம். உலோக விமானத்துக்கு எட்டாதது காம்போசிட் விமானத்துக்கு எட்டுகிறது. கொச்சி 190, எட்டாது. நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலையும் நிற்கிறது.

ஆனால் திருச்சிக்கு நான்குவழிச் சாலை இருக்கிறதே, இரண்டரை மணி நேரத்தில் வண்டி போய்விடுமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். கரண்டு எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நூறு கிலோமீட்டர் பறக்க 240 யூனிட், ஒன்றரை டன் சரக்கு என்றால் டன் கிலோமீட்டருக்கு 1.1 கிலோ வரும். எரிபொருள் விமானத்துக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது, கயத்தாறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட மின்சாரத்தை, அது கிடைக்கிற நேரத்தில் ஏற்றினால்தான் கரண்டு விமானம் சுத்தமானது. பகல் வெயிலில் சார்ஜ் ஏற்றி, சாயந்திரம் வெப்பம் இறங்கியதும் கிளம்பலாம். வெயிலில் கிளம்புவதும் கஷ்டம்தான். 40 டிகிரியில் மதுரை ஓடுதளத்துக் காற்று 1,100 மீட்டர் உயரத்துக் காற்றைப்போல மெலிந்திருக்கும்.

வெளிநாட்டு அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆலிஸ் என்ற முழுக் கரண்டு, காம்போசிட் விமானத்துக்கு 2021ல் டிஎச்எல் 12 சரக்கு விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 2022 செப்டம்பர் 27 அன்று எட்டு நிமிடம் பறந்தது. 2025ல் பணம் இல்லாமல் ஆலிஸைச் செய்த நிறுவனம் வேலையை நிறுத்தி வைத்தது. பல்கேரியாவின் டிரோனாமிக்ஸ் 350 கிலோ ஏற்றும் ஆளில்லாத காம்போசிட் விமானத்தை 2023ல் பறக்கவிட்டது. 350 கிலோ என்றால் நம் குட்டி யானை ஏற்றுவதில் பாதி. எந்தச் சாலையும் இல்லாத இடத்துக்கு அந்தப் பாதியே போதும்.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். சாலை இல்லாத இடம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறதா? இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பலாலி மதுரையிலிருந்து 216 கிலோமீட்டர், நடுவில் கடல். கொழும்பு 350. மேற்கே லட்சத்தீவின் அகத்தி, 650 கிலோமீட்டர், 1,200 மீட்டர் ஓடுதளம். அங்கே காய்கறியும் மருந்தும் கப்பலில் போகிறது, பருவமழை வந்தால் கப்பலும் தடுமாறும். இந்தப் பாதைகளில் விமானத்துக்குப் போட்டி லாரி இல்லை, கப்பலும் பெரிய விமானமும்தான். குறுகிய ஓடுதளத்தில் இறங்க லேசான உடம்பும் உதவும். செட்டிநாட்டிலும் கயத்தாறிலும் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளங்கள் கிடக்கின்றன என்பதும் என் மனதில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

பூவின் பக்கத்திலிருந்து ஒரு நியாயமும் உண்டு. விடியுமுன் பறித்த மொட்டு அன்று சாயந்திரம் விரியத் தொடங்கிவிடும். சரியான நேரத்துக்கு விமானம் கிடைக்காத பூ சென்ட் பேக்டரிக்குக் கிடைத்த விலைக்குப் போகிறது. அந்தப் பூவுக்கு விட்ட தண்ணீர், போட்ட உரம், அதிகாலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறித்த பெண்களின் கூலி எல்லாம் அதோடு போகிறது. கெட்டுப்போகும் சரக்கில் புகைக் கணக்கை விமானத்தோடு நிறுத்தினால் அது பாதிக் கணக்கு.

கடைசிக் கேள்வி: நம் ஊரில் என்ன செய்யலாம்? விமான உடம்பை எடுத்த எடுப்பில் செய்ய முடியாது. ஒரு காம்போசிட் பொருளுக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஒப்புதல் வாங்க, நூற்றுக்கணக்கான சின்னத் துண்டுகளைச் சூட்டிலும் ஈரத்திலும் இழுத்து முறித்துப் பார்க்க வேண்டும். பிறகு பலகை, பிறகு முழு இறக்கை. வருடக்கணக்கில் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் மதுரையைச் சுற்றி ரப்பர் தொழில் பல காலமாக இருக்கிறது. அச்சில் வைத்து, வெப்பமும் அழுத்தமும் நேரமும் பார்த்து வேக வைப்பது இந்த ஊர்க் கைகளுக்குத் தெரியும். கடலோரத்தில் பைபர் போட் செய்கிறவர்களுக்கு ரெசினின் குணம் விரல் நுனியில் இருக்கிறது. இந்த இரண்டு கைகளையும் ஒரு சுத்தமான, ஈரம் கட்டுப்படுத்திய அறைக்குள் கொண்டுவருவதுதான் முதல் முதலீடு.

முதல் பொருளாக நான் சொல்வது பூப்பெட்டி. இப்போது தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு அனுப்புகிறோம். ஐஸும் எடை, பெட்டியும் எடை, போய்ச் சேர்ந்ததும் குப்பை. கண்ணாடி இழைத் தோல், நடுவில் நுரை வைத்த சாண்ட்விச் பலகையில் திரும்பத் திரும்ப வரக்கூடிய மடக்குப் பெட்டி செய்யுங்கள். விமானத் தரையும் இதே சாண்ட்விச் கட்டுமானம்தான், பொருள்தான் உசத்தி. இந்தப் பெட்டிக்குச் சின்ன ஒப்புதல் போதும். உடைந்தால் பூதான் போகும், உயிர் போகாது. வெற்றிட உறை, அடுக்கும் திசை, தட்டிப் பார்க்கும் காது எல்லாம் இதிலேயே பழகிவிடும். இன்றைக்குப் பறக்கிற விமானத்தின் வயிற்றிலேயே எடை குறையத் தொடங்கும்.

கல்லூரி ப்ராஜெக்ட்டாகவே ஆரம்பிக்கலாம். 40 சென்டிமீட்டர் சதுரத்தில் இரண்டு பலகை போடுங்கள். ஒன்றைக் கையால் பூசுங்கள், ஒன்றை வெற்றிட உறையில் எடுங்கள். இரண்டையும் மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, எடை வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு திருநகருக்கு வாருங்கள். தட்டிப் பார்க்க நான் சுத்தியல் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு பெட்டியைச் செய்து, உங்கள் தோட்டத்துப் பூவை ஒரு கிலோ அதிலும் ஒரு கிலோ தெர்மாகோலிலும் போட்டு, மாட்டுத்தாவணியிலிருந்து சென்னைக்கு ஒரே பஸ்ஸில் அனுப்பி, மறுநாள் காலை இரண்டிலும் எத்தனை மொட்டு விரியாமல் இருக்கிறது என்று யாரையாவது எண்ணச் சொல்லுங்கள்.